இரண்டாம் பாகத்தில் செத்த ஓடக்காரன்

ஆறு புத்தகம் எழுதிவிட்டு இன்னும் கதையை முடிக்காத ஆளை நான் நம்ப மாட்டேன். ஒரு தச்சன் பத்து வருஷமாக ஒரே கட்டிலுக்குக் கால் செதுக்கிக்கொண்டிருந்தால் அவனை வீட்டுக்குள் விடுவோமா? எழுதுகிறவன் என்றால் மட்டும் கும்பிடுகிறார்கள். அடுத்த பாகம் எப்போது வரும் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்துக் கிடக்கிறார்கள். இதில் நானும் போய் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

கதையின் பேர் 'பதினொரு வாசல்'. ஒரு ராஜ்யம், அதற்குப் பதினொரு வாசல், அப்பன் ஆத்தாள் இல்லாத இளவரசன் ஒருவன் அத்தனையையும் திறக்க வேண்டும். ஆறு பாகம் வந்தாயிற்று. ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கிற கனம். இதுவரை திறந்தது நாலு வாசல். மிச்சத்துக்கு எழுதுகிறவரின் ஆயுசு போதுமா, என் ஆயுசு போதுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் போர்டு படிப்பேன். மருந்துப் பெட்டியில் தேதி படிப்பேன். எதில் கையெழுத்துக் கேட்டாலும் அதை மூன்று தரம் படித்துவிட்டு, முடிந்தால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுவேன். இந்தக் கதையை நான் படிக்கவில்லை. காதால் கேட்டேன்.

வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில். துவைக்கிற மெஷின்கள் ஒரு கூடம். உருளையில் விட்டுத் தேய்க்கிற மெஷின் அடுத்த கூடம். அதற்கும் பின்னால், கதவைச் சாத்தினால் சத்தம் பாதியாகிற அறை எங்களுடையது. மடிப்பு மேசை. பெரிய பெட்ஷீட்டை ஒரு ஆள் ஒழுங்காக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, மூலைக்கு மூலை பிடித்து, உதறி, பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி அடுக்க வேண்டும். எனக்கு எதிரில் நிற்பது என் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. இருபது வருஷமாக அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு துணி மடிக்கிறேன். வேறு ஒருவனாக இருந்தால் எப்போதோ ஓடியிருப்பான்.

அடுத்த ஜோடி பெரியக்காவும் ரெட்டைச்சடையும். பெரியக்கா என்னைவிட நாலு வயது சின்னவள். ஆனாலும் நான்கூடப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அந்த முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் வாயில் வராது. ரெட்டைச்சடைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை. சடை இன்னும் இரண்டுதான்.

ஐந்தாவது ஆள் ரேடியோ. நாற்பது வயது இருக்கும். முன்னே உருளை மெஷினில் நின்றாள். மெஷின் அவள் வலது மணிக்கட்டைக் கடித்துவிட்டது. எலும்பு ஒட்டியது, கோணலாக ஒட்டியது. ஒரு தலையணை உறையைக்கூட உதற முடியாது. "மடிப்பு மேசையில வேலை பார்ப்பியா, இல்ல வீட்டுக்குப் போறியா?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "பார்ப்பா" என்று பெரியக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மேசைக்கு ஒரு நாளைக்கு அறுநூறு பெட்ஷீட். சூப்பர்வைசர் மாடியில் உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்கு இறங்கி வந்து அடுக்கை எண்ணுவார். அறுநூறு இருந்தால் போய்விடுவார், யார் எத்தனை மடித்தது என்று கேட்க மாட்டார். ஆகவே ஐந்து பேர் வேலையை நாலு பேர் செய்தோம். ரேடியோ ஸ்டூலில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை படித்தாள், ரேடியோ என்ற பேரும் அதில் வந்ததுதான். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் புத்தகம் மேசைக்கு அடியில் போகும், ஒரு தலையணை உறை மடிமேல் வரும். வீட்டில் அவளும் படுத்த படுக்கையான அவள் அப்பாவும்தான். இந்த வேலை போனால் அந்தக் கையைப் பார்த்துவிட்டு எவனும் வேறு வேலை தரமாட்டான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கதை நன்றாகத்தான் போனது. காலையில் கோட்டையை முற்றுகை போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோட்டை விழுந்துவிடும். டீ குடித்து வருவதற்குள் ராணிக்குப் பிள்ளை பிறந்துவிடும். மச்சினனுக்கு மந்திரவாதியைப் பிடிக்கும், அவன் புத்தி அவ்வளவுதான். எனக்குப் பிடித்தவன் ஓடக்காரன். இளவரசன் ஓடத்தில் எழுந்து நின்று, விதி என்னை அழைக்கிறது என்பான். "மொதல்ல உக்காரு, ஓடம் ஆடுது" என்பான் ஓடக்காரன். அத்தனை பெரிய புத்தகத்தில் வேலை என்று ஒன்றைப் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் குதிரைமேல் ஏறி எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று தெரியாது.

மூன்றாம் பாகம் முடிகிற சமயம், அழுக்குத்துணி மூட்டை கொண்டுவருகிற வேன்காரர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். நாங்கள் ஓய்வு நேரத்தில் படிக்கிறோம் என்று அவர் நினைப்பு.

"எத்தனையாவது பாகம் ஓடுது?"

"மூணு முடியப்போகுது" என்றேன்.

"அடேயப்பா. அப்ப சேத்தைத் தாண்டியாச்சா? நான் அந்தச் சேத்துல ரெண்டு மாசம் கெடந்தேன் பெரியவரே."

"எந்தச் சேறு? அதுவா? டீக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல தாண்டிட்டாங்களே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முந்நூறு பக்கம் அது."

"எங்களுக்கு ஒரு காலை வேலை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ரேடியோ அப்போது புத்தகத்தில் ஏதோ தூசி இருக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாள். அதை நான் பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க கூட்டத்துக்கு வாங்க. இந்தக் கதையைப் படிக்கிறவங்க நாலு பேர் கூடிப் பேசுறோம்" என்று கூப்பிட்டார் வேன்காரர்.

கூட்டம் என்றால் கூட்டமில்லை. ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம், காகிதக் கட்டுகளுக்கு நடுவில், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. கடைக்காரர் ஒருவர், வேன்காரர் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், பல் டாக்டரம்மா ஒருவர். நாலு பேரும் அந்தக் கதைமேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், அதனால் இரண்டு மணி நேரம் அதைத் திட்டுகிறார்கள்.

வாத்தியார் ஒரு நோட்டை விரித்தார். "மொத பாகம் அறுநூத்திப் பன்னெண்டு பக்கம், கதையில ஒரு வருஷம். நாலாம் பாகம் எழுநூத்தி நாப்பது பக்கம், கதையில ஒம்பது நாள். இப்படியே போனா பத்தாம் பாகத்துல இளவரசன் கொட்டாவி விட வாயைத் தொறப்பான். வாயை மூடுறது பதினொண்ணாம் பாகத்துல."

"அந்த விருந்தை விட்டுட்டீங்களே, சார்" என்றார் ஜெராக்ஸ்காரர். "மூணாம் பாகத்துல நூத்தி நாப்பது பக்கம் ஒரு விருந்து. யார் பக்கத்துல யார் உக்காந்தாங்கன்னே இருபது பக்கம். அத்தனைக்கும் அப்புறம் சாப்பிடாமலே எந்திரிச்சுப் போயிட்டாங்க!"

பல் டாக்டரம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு எல்லாமே அவசரம். சேறு நீளமா இருந்தாத்தான் படிக்கிறவங்களுக்கும் கால் பொதையும். அதுதான் எழுத்து."

"கழுத்து வரைக்கும் பொதைஞ்சாச்சும்மா" என்றார் வேன்காரர். "பல்லு புடுங்கும்போதும் நீங்க இப்படித்தான் நிதானமாவா?"

"வலிக்காம எடுக்கணும்னா நிதானமாத்தான் எடுக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு விருந்தும் கேட்கவில்லை, ஒரு சேற்றிலும் புதையவில்லை. இவர்கள் வேறு ஏதோ மட்டமான கதையைப் படித்துவிட்டு என் கதையைத் திட்டுகிறார்கள் என்று தோன்றியது.

"என்னங்க இது, அம்பு மாதிரி போற கதையை இப்படிப் பேசுறீங்க? நேத்துகூட ஓடக்காரன் கோட்டைக்குள்ள பூந்து, சேனாபதியோட சமையக்காரனை ஓங்கி ஒரு அறை விட்டானே, அதுல என்ன இழுவை இருக்கு?"

வாத்தியார் நோட்டில் பின்னோக்கிப் புரட்டினார்.

"எந்த ஓடக்காரன்?" என்றார் வாத்தியார்.

"எத்தனை பேரு இருக்கான்? மொட்டைத்தலை. ஓட்டை ஓடம்."

"ஐயா, அவன் ரெண்டாம் பாகத்துலயே செத்துட்டான். நானூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

"யாரோ உங்ககிட்ட பொய் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் முன்பக்கம் நகல் எடுக்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுபத்தாறு வயதில் ஒரு செத்தவனுக்காக நான் வாதாடிக்கொண்டு நின்றேன்.

ஜெராக்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"இருங்க, இருங்க. சிரிக்காதீங்க. சேறு ஒரு காலைல முடியுது. ஓடக்காரன் உயிரோட இருக்கான். விருந்து இல்ல. இதுக்கு என்ன அர்த்தம்? எழுதினவரு மொதல்ல வேற மாதிரி எழுதியிருக்காரு! அந்தப் பிரதி ஒண்ணு எப்படியோ இவங்க லாண்டரிக்கு வந்து சேர்ந்திருக்கு!"

வாத்தியார் நோட்டை மூடினார். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நல்ல படிப்புப் படித்த நாலு பேர், ஒரு நொடியில் அதை நம்பிவிட்டார்கள். பிரதி இல்லை, யாரோ இவரை ஏமாற்றுகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது. இத்தனை வருஷமாக எவனையும் நம்பாமல் இருந்ததற்குக் கடைசியில் ஒரு வேலை வந்தது.

திங்கட்கிழமை ரேடியோவிடம் இரண்டாம் பாகத்தைக் கேட்டேன்.

"எதுக்கு பெரியப்பா?"

"வீட்டுல மேசைக்கால் ஆடுது. முட்டுக்குடுக்கணும்."

அவள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நானூற்று ஐந்தாம் பக்கத்தில் ஆரம்பித்தேன். விரலை வைத்து எழுத்து எழுத்தாகத்தான் போக முடிந்தது. வீட்டுக்காரி வந்து நின்று பார்த்தாள். "பரிச்சை எப்போ?" என்றாள். அடுத்த நாளும் நின்று பார்த்தாள். "அதே பக்கமா? பெயிலாயிடுவீங்க" என்றாள்.

எட்டுப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது. அதில் இரண்டு பக்கம் இளவரசனின் குதிரை. அதன் பிடரி, அதன் குளம்பு, அது யார் வளர்த்த குதிரை, அதன் தாய்க் குதிரை எந்தப் போரில் செத்தது. அப்புறம், பக்கத்தின் கீழே, போகிற போக்கில்: 'அம்பு ஓடக்காரனின் கழுத்தில் பாய்ந்தது. ஓடம் தானாகத் திரும்பி நின்றது.'

அவ்வளவுதான். ஒன்றரை வரி. குதிரையின் ஆத்தாளுக்கு அரைப் பக்கம், என் ஆளுக்கு ஒன்றரை வரி. நான் மூன்று தரம் படித்துப் பார்த்தேன். செத்தே போயிருந்தான்.

எழுதினவன்மேல் கோபம் வந்தது. அதைவிட ரேடியோமேல் வந்தது. அன்றைக்கு அந்த ஓடக்காரன் ஆற்றில் குதித்து, மூச்சை அடக்கி, அக்கரையில் எழுந்து, "என் ஓடத்துக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று கேட்டதாக அவள் படித்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மேசையின் இரண்டு பக்கமும் பெட்ஷீட் எண்ணுகிற நான், அவள் எத்தனை பக்கம் சேர்த்துப் புரட்டுகிறாள் என்று ஒரு நாள் எண்ணவில்லை. இடது கையால் புரட்டுவதால் தாள் ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் புத்தகத்தைத் திறந்ததும் நான் கேட்டேன். எனக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது.

"ஓடக்காரன் செத்துட்டான், இல்ல?"

பெரியக்கா பெட்ஷீட்டை விட்டுவிட்டாள். மறுமுனையைப் பிடித்திருந்த ரெட்டைச்சடை பின்னால் இரண்டடி தள்ளாடினாள்.

"என்னது? எப்போ?" என்றான் மச்சினன்.

"ரெண்டாம் பாகத்துல. போன வருசம். இந்த அம்மா நமக்குப் படிக்கல, அவளா கட்டி விட்டுக்கிட்டிருக்கா."

ரேடியோ மறுக்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"எல்லாம் இல்ல பெரியப்பா. பாதி அவரு எழுதினதுதான்."

"ஏன் செஞ்சே? நாங்க என்ன, எழுதினதைக் கேட்டாப் புரிஞ்சுக்க மாட்டோமா?"

"மொத பாகத்துல அந்த ராஜாக்களோட வம்சம் நாப்பது பக்கம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதை நான் ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். ரெண்டு நாள். ரெண்டாவது நாள் நீங்க மாமாகிட்ட சொன்னீங்க." அவள் மச்சினனைக் காட்டினாள். "'இதைக் கேக்கவா இவளுக்கும் சேர்த்து மடிக்கிறோம்?'னு. மெஷின் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சீங்க."

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் பெட்ஷீட்டின் ஓரத்தைப் பார்த்தான்.

"அன்னைலேர்ந்து நான் இழுவைப் பக்கத்தை விட்டுட்டேன். உங்களுக்குச் சலிச்சுப்போனா யார் எனக்கு மடிப்பாங்க? ஓடக்காரன் சாவுற அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து நூத்தம்பது ஷீட் அதிகமா வந்துச்சு. 'இன்னைக்கு ஓடக்காரன் வந்தாத்தான் மடிப்பேன், இல்லேன்னா எனக்கு இடுப்பு வலி'ன்னு நீங்கதான் சொன்னீங்க. புத்தகத்தைப் பார்த்தா கழுத்துல அம்பு. நான் என்ன பண்ணட்டும்?"

ஏமாந்தது நான்தான், ஏமாற்றச் சொன்னதும் நான்தான் என்றால் யாரைத் திட்டுவது?

பெரியக்காவுக்கு வேறு கவலை. "இளவரசி கொல்லனைக் கட்டிக்கிட்டாளே, அது?"

"அது என்னுதுதான் பெரியக்கா. புத்தகத்துல அவளைச் சேனாபதிக்குக் கட்டிக் குடுத்துர்றாங்க."

"அந்தப் பொம்பளைப் பொறுக்கிக்கா? கொல்லனே இருக்கட்டும், மாத்தாதே."

"கோட்டை மதில்மேல முத்தம் குடுத்தானே, அக்கா, அது?" என்றாள் ரெட்டைச்சடை.

"அது அவரு எழுதினது. நான் கொஞ்சம் குறைச்சுட்டேன்."

"எதுக்குக் குறைச்சே!" இரண்டு சடையும் ஆடியது. "குறைக்க வேற எடமே கெடைக்கலையா?"

"மந்திரவாதி?" என்று பயந்து பயந்து கேட்டான் மச்சினன்.

"அவன் அப்படியேதான் இருக்கான் மாமா. அவன் பேசுறது யாருக்கும் புரியாது, அதனால தொடல."

இதற்கு நடுவில்தான் வேன்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"பெரியவரே, எல்லாம் முடிவாயிடுச்சு. திங்கக்கெழமை காலைல நாங்க நாலு பேரும் இங்க வர்றோம். வாத்தியாரு லீவு சொல்லிட்டாரு. அந்தம்மா படிக்கிறதை அப்படியே போன்ல பதிவு பண்ணப்போறோம். உங்க சூப்பர்வைசர்கிட்ட நானே மேல போய் அனுமதி கேட்டுர்றேன்."

ரேடியோ புத்தகத்தை மேசைக்கு அடியில் தள்ளினாள். சூப்பர்வைசர் காலை பத்து மணிக்கு இறங்கி வந்து, நாலு பேர் மடிக்க ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கிறதைப் பார்த்தால், பதினொரு மணிக்கு அவள் வாசலுக்கு வெளியே நிற்பாள்.

"மேல போகாதீங்க" என்றேன். "அவருக்கு இன்னைக்கு மூடு சரியில்ல. ஞாயித்துக்கெழமை நான் கடைக்கு வர்றேன், அங்க வெச்சுப் பேசிக்கலாம். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் தொறக்காதீங்க."

அவர் போனதும் மச்சினன் கேட்டான். "அங்க போய் என்ன மாமா சொல்லப்போறே?"

"உன்னைத் திட்டுற மாதிரி ஏதாவது சொல்லுவேன், சும்மா இரு."

உண்மையில் ஒன்றும் தோன்றவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. யாரையும் நம்பாதவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே வராது.

ஞாயிற்றுக்கிழமை ஜெராக்ஸ்காரர் எனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். வாத்தியார் புது நோட்டு வாங்கியிருந்தார். அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"பிரதியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "அந்தம்மா புத்தகத்துல இருக்கிறதைத்தான் படிக்குது. எனக்கு நடுவுல தூக்கம் வந்துரும். விட்டுப்போன எடத்தை நானாவே மனசுக்குள்ள போட்டுக்கிடுவேன். ஓடக்காரன் செத்தது எனக்குத் தெரியாமப் போச்சு. இப்பப் படிச்சுப் பார்த்தேன். நானூத்திப் பன்னெண்டாம் பக்கம். செத்துட்டான்."

அதை அவர்கள் முன்னால் சொல்லும்போது, செத்த வீட்டில் நிற்கிற மாதிரி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வாத்தியார் நம்பவில்லை. "சமையக்காரனை அறைஞ்சது, கோட்டைக்குள்ள பூந்தது, எல்லாம் நீங்களா கட்டினதா?"

"ஆமா."

"மறைக்கிறாரு" என்றார் ஜெராக்ஸ்காரர். "யாரோ சொல்லக் கூடாதுன்னு மெரட்டியிருக்காங்க. திங்கக்கெழமை நேர்ல போய்ப் பார்த்துரலாம்."

"அப்படின்னா ஒண்ணு பண்ணலாம்" என்றார் வாத்தியார். "நீங்க கட்டினதுதான்னா, அறை விட்டதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு சொல்லுங்க. இப்பவே. நல்லா இருந்தா நம்புறோம்."

நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் புரிந்தது. கதை நன்றாக இருந்தால் இவர்கள் விடமாட்டார்கள், லாண்டரிக்கு வந்தே தீருவார்கள். இவர்களுக்கே வரவேண்டாம் என்று தோன்ற வேண்டும். ஒருத்தனை வரவிடாமல் செய்ய என்ன வழி என்று அந்த எட்டுப் பக்கம் எனக்குக் காட்டியிருந்தது.

"அறை விட்டுட்டு ஓடக்காரன் ஆத்தங்கரைக்கு வந்தான்" என்று ஆரம்பித்தேன். "ஓடம் ஓட்டை. அடைக்கணும். ஓடத்துல மொத்தம் பதினாலு பலகை. மொத பலகையைக் கையால தடவிப் பார்த்தான். அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாலும் இந்த மூலை, அந்த மூலை, மேல் மூலை, கீழ் மூலைன்னு நாலையும் தனித்தனியாப் பார்த்தான்."

எனக்கு மூலைகளைப் பற்றித் தெரியும். இருபது வருஷம் மூலை பிடித்தவன். முதல் பலகைக்குக் கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் பலகையில் ஒரு ஆணி. அந்த ஆணி எந்த ஊர் ஆணி, அதை அடித்தவனின் மாமனார் யார் என்று சொன்னேன். மூன்றாம் பலகை முதல் பலகையைப் போலவே இருந்தது, அதையும் சொன்னேன்.

ஐந்தாம் பலகையில் ஜெராக்ஸ்காரர் எழுந்து முன்பக்கம் போனார். அங்கே ஒரு ஆளும் இல்லை. ஏழாம் பலகையில் வேன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் அது ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். ஒன்பதாம் பலகையில் வாத்தியார் பேனாவை மூடினார்.

"ஐயா, ரொம்ப இழுக்குறீங்க. ஓடம் கெளம்புமா கெளம்பாதா?"

"இன்னும் அஞ்சு பலகை இருக்கு. அப்புறம் துடுப்பு."

"போதுங்க. நம்புறேன். இது நீங்களா கட்டினதுதான்."

"எதுக்கும் திங்கக்கெழமை ஒரு எட்டு..." என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"யோவ், எனக்கு லீவு மிச்சம்" என்றார் வாத்தியார். வேன்காரர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, ஆனால் மனசு லேசாக இருந்தது. அப்போதுதான் பல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பெரியவரே" என்றார். "அந்த ரெண்டாவது பலகை ஆணி. நான் இத்தனை வருசத்துல இப்படி ஒண்ணைக் கேட்டதில்ல. மிச்ச அஞ்சு பலகையை அடுத்த வாரம் கண்டிப்பா சொல்லணும்."

"அது... வேலை இருக்கும்மா."

"பரவாயில்ல. உங்களுக்கு வர முடியலேன்னா நானே லாண்டரிக்கு வந்து கேட்டுக்கறேன்."

"வர்றேன்" என்றேன். "ஞாயித்துக்கெழமை. இங்கயே. நீங்க எங்கயும் அலையாதீங்க."

திங்கட்கிழமை வேன்காரர் மூட்டைகளை இறக்கிவிட்டு, அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நடந்ததை நான் மேசையில் சொன்னேன். பெரியக்கா சிரித்ததில் ஒரு அடுக்கு சரிந்து, அதை மறுபடி மடிக்க வேண்டியதாயிற்று. ரேடியோ சிரிக்கவில்லை. அவள் கோணல் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே பார்த்தபடி இருந்தாள்.

"என்னத்துக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கே? படி" என்றேன்.

"எதைப் படிக்க பெரியப்பா? அவரு எழுதினதையா, என்னுதையா?"

"ரெண்டும் படி. உன்னுது வரும்போது கையைத் தூக்கு. எங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

அவள் நாலாம் பாகத்தைத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே கையைத் தூக்கிவிட்டாள். மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பெரியக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது ரேடியோ என் பக்கம் வந்தாள்.

"ஞாயித்துக்கெழமைக்கு அஞ்சு பலகை வேணுமே, நான் வேணா சொல்லித் தரட்டா?"

"வேணாம்மா" என்றேன். "உன்கிட்ட விட்டா ஓடம் ஒரே நிமிசத்துல அக்கரைக்குப் போயிரும். அப்புறம் அந்த டாக்டரம்மா இங்கதான் வந்து நிக்கும்."